கழிக்கரை ஒழுக்கம்

கரையில் நின்று சேற்று நண்டு பிடிக்கும் கைத்திறனைச் சில ஓதங்களுக்குள் கற்றுவிடலாம். எந்த நண்டை எடுப்பது, எதை நீரிலேயே விடுவது, யாருடைய பிழைப்பிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்னும் அறிவு அவ்வளவு விரைவில் வருவதன்று. பிறர் காணாத இடத்தில் ஒருவன் தன்னோடு தானே நடத்தும் வழக்கில் அது மெல்ல வளர்கிறது. கழி அதற்கு ஏற்ற களம். கண்டல் மறைப்புக்குள் நிற்பவனைச் சாலையில் போவோர் காண்பதில்லை. அவன் கோணிக்குள் எதை இட்டான் என்று எண்ணிப் பார்ப்பாரும் இல்லை. உயிரைப் பிடித்து உண்பதையே தீதென்று விலக்கிய மரபு நம்மிடம் உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் உண்பவனை ஒழுக்கத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு அறம் பேசுவது எளிய வேலை. உண்பவனுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. இங்குச் சொல்ல வருவது அதைப் பற்றியே.

பிச்சாவரத்தை அடுத்த கழிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகங்களுக்கு இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் அங்கு அலையாத்திக் காடு விரிந்து கிடக்கிறது. வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னையும் வெண்கண்டலும் வேரூன்றி நிற்க, சிதம்பரத்துக்குத் தன் பெயரையே பழம்பெயராகத் தந்த தில்லை மரமும் அக்காட்டில் உண்டு. புதிதாக வருபவன் பிடிமானம் தேடித் தில்லையின் கிளையை ஒடித்தால், வடியும் பால் கண்ணில் பட்டுக் கடும் எரிச்சலைத் தரும். தெரியாத இடத்தில் கையை வைக்குமுன் ஒரு கணம் தயங்க வேண்டும் என்பதை ஒரு மரமே அங்குக் கற்பித்துவிடுகிறது.

அடுத்த ஆசிரியன் ஓதம். நாளொன்றுக்கு இருமுறை வெள்ளம் ஏறி இருமுறை வற்றுகிறது. அந்த நேரமும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகிறது. இக்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டரை எட்டுவதே அரிது எனினும், நண்டின் வாழ்வு அந்தச் சிறு வேறுபாட்டைச் சார்ந்தே நடக்கிறது. நீர் வற்றிய பொழுதில் அது வளையிலோ சேற்றுக்குள்ளோ அடங்கிக் கிடக்கும். வெள்ளம் ஏறத் தொடங்கியதும், அதிலும் அந்தி மங்கி இருள் சூழும் வேளையில், இரை தேடி ஓரங்களை நோக்கி வரும். ஆகவே, தனக்கு ஓய்வு கிடைத்த பொழுதில் வந்து நின்று நண்டு இல்லையே என்று நோவதில் பயனில்லை. மறைநிலவையும் முழுநிலவையும் ஒட்டிய நாள்களில் ஓதம் வலுக்கும் என்பதையும், இன்று வெள்ளம் எப்போது திரும்பும் என்பதையும் அறிந்து, தன் நாளை அதற்கேற்ப மாற்றிக்கொள்பவனுக்கே கழி இணங்கும். தன் விருப்பத்தை உலகின் ஒழுங்குக்குக் கீழே வைக்கும் இப்பழக்கம் பணிவின் முதற்படி. இதை ஓதத்திடம் கற்காதவர் பின்னர் முதுமையிடமும் நோயிடமும் கற்க நேர்கிறது.

கருவிகள் எளியவை. இரும்பு வளையத்தில் தளர வலை கட்டி, நடுவே மீன் தலையைப் பிணித்துக் கயிற்றால் இறக்கும் வளைய வலை போதும். அதுவும் இல்லையென்றால், நீண்ட நூலின் நுனியில் இரையைக் கட்டி எறிந்துவிட்டுக் காம்பு நீண்ட கைவலையோடு காத்திருக்கலாம். அழுகிய இரையே நண்டை இழுக்கும் என்று பலர் நம்புகின்றனர். பழகியவர்கள் அன்றைய மீனின் தலையையே விரும்பிக் கட்டுவார்கள். வளைய வலையைக் கால்மணிப் பொழுதேனும் அசைக்காமல் விட்டுவைத்து, பின் இடைவிடாமல் ஒரே சீராகத் தூக்க வேண்டும். நூலாயின், இழுக்கிறார்கள் என்று நண்டே உணராத அளவுக்கு விரல் விரலாக இழுக்க வேண்டும். ஒரு வெட்டு வெட்டினால் இரையை விட்டுவிட்டுக் கலங்கலுக்குள் மறைந்துவிடும். தொடங்குபவர்கள் அனைவரும் இங்கேதான் தோற்கிறார்கள். வலையில் ஏதேனும் விழுந்ததா என்று ஓயாமல் தூக்கிப் பார்க்கும் கைக்கு நண்டு சிக்குவதில்லை. விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறி முளையைத் தேடும் பிள்ளையின் கையைப் போன்றது அது.

அகப்பட்ட நண்டைக் கையாள்வதில் அச்சமும் கொடுமையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இக்கொடுக்குகளுக்கு விரலை நசுக்கும் வலிமை உண்டு. ஆகவே பின்புறமாகச் சென்று, துடுப்பைப் போன்று தட்டையான கடைசிக் கால்களின் அடியைப் பற்றித் தூக்குவதே முறை. அஞ்சியவர் செய்வது வேறு. கொடுக்கையே ஒடித்து எறிந்துவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது மரக்கட்டையால் அடித்துச் செயலிழக்கச் செய்கிறார்கள். கொடுக்கு இழந்த நண்டு அடுத்தடுத்த ஓடு கழற்றல்களில் அதை மீண்டும் வளர்த்துக்கொள்ள வல்லது என்பது உண்மையே. ஆனால் அந்த வலிமை அதற்கு வாய்த்திருப்பது நம் அச்சத்துக்கு ஈடு கட்டுவதற்காக அன்று. நனைத்த கயிற்றால் கொடுக்குகளை மடக்கிக் கட்டப் பழகும்வரை, பழகியவர் ஒருவர் அருகில் இல்லாமல் கழிக்குப் போகாதிருப்பதே நேர்மை.

இனிமேல்தான் கடினமான பகுதி. நண்டு கையில் இருக்கிறது. அதை என்ன செய்வது?

முதலில் அதைப் புரட்டி, ஓட்டின் அடிப்புறத்தைக் கடைசிக் கால்களின் அருகே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடு இறுகி நின்றால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. அழுத்தத்துக்கு வளைந்து கொடுத்தால், அது அண்மையில் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டுக்குள் இன்னும் நிறையாமல் இருக்கும் நண்டு. உள்ளே சதையைவிட நீரே மிகுதி. அதைச் சமைப்பவனுக்கும் பயனில்லை, நண்டுக்கும் வாழ்வில்லை. ஆயினும் பெரிய உருவத்தைக் கண்டு மயங்கிய புதியவன் அதை எளிதில் விடுவதில்லை. கையில் வந்ததை விடுவது தோல்வி என்று அவனுக்குத் தோன்றுகிறது. உள்ளே நிறைவு இருக்கிறதா என்று கட்டைவிரல் கேட்கும் கேள்விக்கு அவன் கண் விடை சொல்ல முற்படுகிறது.

அடுத்து, வயிற்று மடலைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது குறுகிய முக்கோணம். முதிர்ந்த பெண்ணுக்கு அகன்று வட்டமாக விரியும். பருவம் எய்தாத பெண்ணுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம். முட்டைகளை ஈன்று மடலில் தாங்கும் பெண் நண்டு கழியை விட்டுக் கடலுக்குப் போய் அங்கேதான் குஞ்சுகளை வெளியிடுகிறது. ஒரே தாய் வெளியிடும் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் இருக்கும். அவற்றுள் மீண்டும் கழிக்கு வந்து சேருபவை மிகச் சிலவே. உள்ளே செம்மஞ்சளாகச் சினை முதிர்ந்த பெண்ணுக்குத்தான் சந்தையில் மதிப்பும் நாவில் சுவையும் கூடுதல் என்பதில் இந்த அறத்தின் முடிச்சு இருக்கிறது. எதை விட வேண்டுமோ அதையே எடுக்கத் தூண்டும்படி உலகம் அமைந்திருக்கிறது. அது இல்லையேல் அடக்கத்துக்கு வேலையே இல்லை.

ஆணும் பெண்ணும் இணையாகவே வலையில் ஏறுவதும் உண்டு. ஓடு கழற்றவிருக்கும் பெண்ணை ஆண் நண்டு தன் உடலின் அடியில் அணைத்துச் சில நாள்கள் சுமந்து திரியும். அவள் ஓடு கழன்று மென்மையாக இருக்கும் வேளையில் கூடும். அதன் பின்னும் ஓடு இறுகும்வரை அவளைக் காக்கும். ஒரே தூக்கில் இரண்டு கிடைத்தது நற்பேறு என்று மகிழ்பவன் இந்தச் செய்தியை ஒருமுறை கேட்டபின் அதே மகிழ்ச்சியை அடைய முடியுமா என்று எனக்கு ஐயம். அறிவு இன்பத்தைக் குறைக்கும் இடங்கள் வாழ்வில் உண்டு. அந்தக் குறைவை இழப்பாகக் கருதாமல் ஏற்றுக்கொள்வதும் வளர்ச்சியே.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இவ்வழக்கைச் சட்டமே தீர்த்து வைத்திருக்கிறது: பெண் சேற்று நண்டை எடுக்கவே கூடாது, ஆணையும் ஓட்டின் அகலம் 15 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால்தான் எடுக்கலாம். அங்குக் கரைக்குப் போகும் புதியவன் வலையோடு அளவுகோலையும் எடுத்துச் செல்கிறான். நம் கழிக்கரையில் பொழுதுபோக்காக நிற்பவனின் கோணியைத் திறந்து அளப்பவர் அரியர். இதை நம் குறையாகப் பலர் சொல்வர், குறைதான். ஆனால் அளப்பவர் இல்லாத இடத்தில் அளந்து பார்க்கும் கைக்குத் தனிப் பெருமை உண்டு. சீர்காழிக்கு அருகே தொடுவாயில் நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது, குறைவதை அங்கிருந்து நிறைத்துக்கொள்ளலாம் என்று வாதிடுவோரும் இருப்பர். பொரிப்பகம் வளர்ப்புக் குளங்களுக்குக் குஞ்சு தருவதற்காக எழுந்தது; கழியில் வரம்பின்றி எடுப்பவனுக்கு மன்னிப்பு வழங்குவதற்காக அன்று.

இருபது வயதில், பார்ப்பார் இல்லை என்பதால் சினை நண்டைக் கோணிக்குள் தள்ளுகிறவன் அன்று ஒரு நண்டை மட்டும் எடுக்கவில்லை; பார்ப்பார் இல்லை என்பதைக் காரணமாக ஏற்கும் மனத்தையும் எடுத்துச் செல்கிறான். முப்பதில் அது நிறுவைக் கல்லைத் தொடுகிறது. நாற்பதில் உடன்பிறந்தாரின் பங்கைத் தொடுகிறது. அறுபதில், தன்னைக் கவனிக்கும் மக்களும் தனக்குத் தெரியாமல் ஏதேனும் செய்வார்களோ என்னும் ஐயமாக அவனிடமே திரும்பி வருகிறது. நண்டை விட்டவரெல்லாம் நல்லவர் ஆனார்கள் என்று நான் சொல்லவில்லை. கழியில் வரம்பு காத்து, வீட்டில் சினத்தைக் காக்காதவர்களும் உண்டு. ஒரு துறையில் வந்த அடக்கம் தானாகவே மறு துறைக்குப் பாய்வதில்லை. ஆனால் எந்தத் துறையிலும் பழகாத கைக்கு அடக்கம் என்பது வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். அக்கழி வெறும் காட்சிப்புலம் அன்று. பிச்சாவரத்துச் சிற்றூர்களில் வாழும் இருளர் குடும்பங்கள் இந்நீரையே நம்பி வாழ்கின்றன. இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும், பனையோலைப் பறியை வாயில் கவ்வியபடி, கையால் தடவியே இறால் பிடிக்கும் பெண்கள் அங்கு உண்டு. வளைக்குள் கை நுழைத்து நண்டை எடுப்பவர்களும் அவர்களே. அவர்களுக்கு அது அன்றைய உலை; பொழுதுபோக்க வந்தவனுக்கு அது மாலையின் மகிழ்ச்சி. இரண்டும் ஒரே வாய்க்காலில் எதிர்ப்பட்டால் விலக வேண்டியது எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் இசைவின்றி நுழையாமல், வெளிப்புறக் கரைகளோடு நிற்பதும், அவர்கள் வலையிட்ட இடத்துக்கு அப்பால் போய் இறக்குவதும், போதிய அளவு கிடைத்ததும் கிளம்பிவிடுவதும் விருந்தினன் காக்க வேண்டிய முறைகள்.

மண்வெட்டியோடு வந்து வளையைத் தேடி வேர்களை அறுப்பவர்களைப் பற்றி நீளப் பேச விரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது, இக்காட்டின் பின்னே இருந்த ஊர்கள் வெளியில் கிடந்த ஊர்களைவிடக் குறைவாகவே அழிவைக் கண்டன என்பதை நினைவூட்டினால் போதும். வலையைக் கணக்கிட்டு இறக்கி, கணக்கிட்டு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே; கரையேற்றாமல் விட்ட கூடும் வலையும், உரிமையாளன் வீட்டில் உறங்கும்போதும், நண்டையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும்.

எடுத்ததை வீடு சேர்க்கும் வழியிலும் கடமை முடிவதில்லை. வாளி நீரில் அடைத்தால் அந்நீரின் உயிர்வளி தீர்ந்து நண்டு மூச்சுத் திணறும். நனைந்த கோணியில், நிழலில், செவுள் உலராமல் வைத்தால் நீருக்கு வெளியிலும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். கொதிநீரில் உயிரோடு இடுவதைவிட, பனிக்கட்டி கலந்த நீரில் அது உணர்வு மரத்து அடங்கும்வரை வைத்துப் பின் கொல்வதே மேல். நண்டும் இறாலும் உணர்வுடைய உயிர்கள் என்பதைப் பிரித்தானியா 2022ஆம் ஆண்டில் சட்டமாகவே ஏற்றது. நம் சமையலறைகளுக்கு அச்சட்டம் செல்லாது, ஆனால் அதன் காரணம் செல்லும்.

முதற்சில நாள்கள் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அப்போது கிள்ளையிலோ பிச்சாவரத்திலோ, இரவெல்லாம் நீரில் நின்று பிடித்தவர்களிடம் விலை கொடுத்து வாங்கிச் செல்லலாம். பெரிய நண்டுகள் பெரும்பாலும் தொலைதூர நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் போய்விட, பிடித்தவரின் உணவில் எஞ்சுவது சிறியவையே. சேற்றில் முழங்கால் புதைய நின்று, நூலை விரல் விரலாக இழுத்து, கடைசி முழத்தில் இரையை இழந்தவனுக்கு, அவர்களிடம் பேரம் பேச நா எழாது.