பத்து வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள்

1981-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடக்கநிலைப் பெட்டியின் மேல் ஒரு வேடிக்கை உண்டு. ஆடுவதற்குப் பெரியவர்கள் மூன்று பேராவது வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் வயது பத்துக்கு மேல் என்றும் போட்டிருந்தார்கள். சரக்கு விற்க வேண்டுமே! ஆனால் இந்த ஆட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னப்பிள்ளை என்ற வழக்கு அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். பாசி படிந்த படிக்கட்டு, அடியில் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் முனகல் என்று அவர் வர்ணிக்கிறார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர்: வீரன், மந்திரவாதி, திருடி. “கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்” என்கிறார் திருடியாக ஆடுபவர். இருபது முகப் பகடை உருளுகிறது. விழுந்த எண்ணைப் பார்த்து டி.எம். மேலே சொல்கிறார். பலகை இல்லை, காய்கள் கட்டாயமில்லை, கடைசியில் ஜெயித்தவர் என்றும் ஒருவர் இல்லை.

ஜெயிப்பு இல்லாததால், எதற்காக ஆடுகிறோம் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்கிறார்கள். ஒருவருக்குச் சண்டை வேண்டும். இன்னொருவருக்குப் புதிர். மூன்றாமவருக்கோ, தன் கேரக்டர் செத்துப்போன அண்ணனை நினைத்து அழ ஒரு காட்சி வேண்டும். 1980-லேயே கிளென் பிளாக்கோ என்பவர் ‘டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்’ இதழில் இதை நான்காகப் பிரித்து எழுதினார்: பலம் சேர்ப்பது, போர்த்தந்திரம், கேரக்டராகவே வாழ்வது, கதை வளர்ப்பது. 2002-இல் ராபின் லாஸ் டி.எம்.களுக்கு எழுதிய கையேட்டில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். அவருடைய பட்டியலில், நண்பர்களோடு சும்மா இருக்க வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பவருக்கும் மரியாதையான இடம் உண்டு. எனக்கு அவரைத்தான் மிகவும் பிடிக்கும். நொறுக்குத்தீனி வாங்கிவருவதும் பெரும்பாலும் அவராகவே இருக்கும்.

வகைகளாக இருந்தவரை வம்பில்லை. காலப்போக்கில் ஆடுபவர்களே அவற்றைப் படிக்கட்டாக அடுக்கிக்கொண்டார்கள். கதவை உதைத்து, அரக்கனை வெட்டி, தங்கத்தை அள்ளுபவர் கீழ்ப்படியில். உள்ளம் உருக நடிப்பவர் மேல்படியில். வயது ஏற ஏற ஆள் மேலே ஏற வேண்டுமாம். இது தப்புக் கணக்கு என்பது என் கட்சி.

தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1000 பெட்டிகள். இருவரும் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் ஆட்டம் ஆடிப் பழகியவர்கள். அவர்களுடைய விதிப்படி, மீட்டுவந்த தங்கக் காசு ஒன்றுக்கு ஓர் அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்றால் கிடைத்த புள்ளிகள் அவனுடைய புதையல் தந்ததைவிடப் பொதுவாகக் குறைவு. சாக வாய்ப்போ மிக அதிகம். ஆகவே விவரமானவர்கள் வாளை உருவவே தயங்கினார்கள். ஒளிந்து போனார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், காவல் நிற்கும் பூதம் தூங்கும்வரை காத்திருந்தார்கள். வெளியே பார்த்தால் பேராசை. உள்ளே இருந்ததெல்லாம் பொறுமை.

கைகாக்ஸ் 1975-இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காகத் தயாரித்த ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ கல்லறையில் சுவரோடு ஒரு பச்சைப் பேய்முகம் இருக்கிறது. வாய் அகலத் திறந்து, உள்ளே கும்மிருட்டாக, ஆள் நுழையும் அளவுக்கு. வழி அதுதான் என்று நினைத்து நுழைந்தவர் அந்தக் கணமே இல்லாமல் போவார். தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்புகூடக் கிடையாது. முதலில் ஒரு கம்பை விட்டுப் பார்த்தவர் பிழைத்தார். கைகாக்ஸின் நண்பர் ராப் குன்ட்ஸ் இந்தக் கல்லறையில் தன் கேரக்டரின் அடியாட்களான ஓர்க்குகள் என்ற அரக்க இனத்தாரை முன்னே அனுப்பி, பொறிகளையெல்லாம் அவர்கள் தலையில் விழ வைத்துக் கடைசி அறைவரை போய்ச் சேர்ந்தார். ஓர்க்குகளின் தரப்பு நியாயத்தை யாரும் கேட்கவில்லை. அங்கே உருக்கமும் இல்லை, நடிப்பும் இல்லை. ஆனால் அவசரப்படாமல் யோசித்து, தோற்றால் முகம் சுளிக்காமல் புதிய கேரக்டரை எழுதத் தொடங்கும் பக்குவத்தை அந்தக் கல்லறை கேட்டுவாங்கியது.

மறுபக்கம், 1991-இல் ‘வேம்பயர்: தி மாஸ்க்கரேட்’ வந்தது. இரத்தக்காட்டேரியாகிவிட்ட ஒருவன் தன்னிடம் மிச்சமிருக்கும் மனிதத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதுதான் அதன் கரு. மனிதத்தன்மைக்கென்றே கேரக்டர் தாளில் ஓர் அளவுகோல் உண்டு. பெரியவர்களுக்கான விஷயம்தான். ஆனால் எத்தனையோ மேசைகளில் அது நீளக் கோட்டும் ஜப்பானிய வாளுமாகக் கூரைக்குக் கூரை தாவும் கோரைப்பல் சூப்பர் ஹீரோ ஆட்டமாகத்தான் ஆடப்பட்டது. அதிலும் குற்றமில்லை என்பேன். கரு கனமானது என்பதற்காக ஆடுபவர் கனிந்துவிடுவதில்லை, அவ்வளவே.

அப்படியானால் பக்குவத்தை எங்கே பார்ப்பது? கதைக்குள் இரவு. எல்லாக் கேரக்டர்களும் தூங்குகிறார்கள், காவல் முறை திருடியுடையது. திருடியாக ஆடுபவர் ஒரு துண்டுச்சீட்டில் எதையோ எழுதி டி.எம்.மிடம் நீட்டுகிறார்: மந்திரவாதியின் மோதிரத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் கழித்து விஷயம் வெளியே வந்து, மோதிரத்துக்காக மூன்று மாதம் பாடுபட்டவர் கொதிக்கும்போது, “நான் என்ன செய்ய? என் கேரக்டர் அப்படித்தான்” என்று பதில். அந்தக் கேரக்டரை எழுதியவர் யார்? உட்கார்ந்து எழுதியவரே ‘நான் என்ன செய்ய’ என்றால் எப்படி? அதே திருட்டை வேறு விதமாகவும் ஆடலாம். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு போய், “உன் மோதிரத்தைச் சுடட்டுமா? மூன்றாம் நாள் நீ கண்டுபிடி, நன்றாக இருக்கும்” என்று கேட்டால் போதும். கதைக்குள் துரோகம் துரோகமாகவே இருக்கும். மேசையில் இருவருக்கும் அது விருந்து.

கூட்டிக் கழித்து, ஒரே அடியில் எதிரி விழும்படி வீரனைச் செதுக்கிவைத்திருப்பவரைப் பலரும் ஏளனமாகப் பேசுவார்கள். அவரே தன் முறை வரும்போது எதிரியை வெட்டாமல் ஒரு மூலைக்குத் தள்ளி, நேற்றுச் சேர்ந்த பையனின் நெருப்புருண்டைக்கு வாகாக நிறுத்துவதும் உண்டு. மனம் உருக நடிக்கும் மேல்படிக்காரரோ கதையில் வரும் சத்திரக்காரியோடு அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருப்பார். மற்ற நால்வரும் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். இந்த இருவரில் எந்த டி.எம்.மும் எவரை மறுபடி கூப்பிடுவார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் ‘செஷன் ஜீரோ’ என்று ஒருநாள் உட்கார்ந்து பேசுகிறார்கள்: சண்டை எவ்வளவு, பேச்சு எவ்வளவு, கேரக்டர் செத்தால் சம்மதமா, எந்த விஷயத்தைத் தொடவே கூடாது என்று. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு மேசை நடுவில் கிடக்கும். யாராவது காரணம் சொல்லாமலே அதைத் தொட்டால் அந்தக் காட்சி நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துண்டுச்சீட்டுத் திருடரை அட்டை மட்டும் திருத்திவிடாது. யாராவது ஒருவர் அவரிடம் நேரில் பேசியாக வேண்டும்.

கைகாக்ஸுக்கு இதில் வேறு வைத்தியம் இருந்தது. தொல்லை கொடுப்பவரின் கேரக்டர் தலையில் வானத்திலிருந்து நீல மின்னலை இறக்கலாம், அதன் வசீகரப் புள்ளியில் ஒன்றை நிரந்தரமாகக் குறைக்கலாம் என்று 1979-இல் வந்த டி.எம். கையேட்டில் யோசனை சொல்லியிருந்தார். மின்னல் விழுவதோ திருடி மேல். துண்டுச்சீட்டு எழுதியவர் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து, அடுத்த கேரக்டருக்குப் பகடை உருட்டத் தொடங்கியிருப்பார்.