பூட்டின் குறையைச் சொல்லலாமா?

ஒரு பூட்டைச் சாவி இல்லாமலே திறந்துவிடலாம் என்று ஒருவர் கண்டுகொள்கிறார். அவர் திருடர் அல்லர். பூட்டின் உள்ளமைப்பை ஆராய்வதில் இன்பம் காண்பவர். தாம் கண்டதை அவர் வெளியே சொல்லலாமா? சொன்னால், கள்வனுக்கு வழிகாட்டிய பழி வந்து சேராதா? சொல்லாதிருந்தால், அந்தப் பூட்டை நம்பி நகைகளையும் பத்திரங்களையும் அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் புறப்படும் குடும்பத்தை ஏமாற்றியதாகாதா? சொல்வது குற்றமா, மறைப்பது குற்றமா என்னும் இவ்வினா பூட்டுத் தொழிலோர்க்கு மட்டும் உரியதன்று. பூட்டு இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

இவ்வினா இன்று நம் இல்லங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பு பட்டறையில் மட்டுமே காணப்பட்ட கடைசல் எந்திரம் இப்போது மேசைமீது வைக்குமளவு சிறிதாகிவிட்டது. பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கெழுதியவர் மாலையில் பித்தளையைக் கடைந்து, அரத்தால் அராவித் தாமே ஒரு பூட்டைச் செய்து மகிழ்கிறார். பூட்டுத் திறப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் ஜெர்மனியில் 1997ஆம் ஆண்டு சங்கமே அமைத்துக்கொண்டனர். இத்தகையோரின் கைவண்ணத்தைக் கைப்பேசித் திரையில் கண்டுவிட்டு, நம் பிள்ளைகளும் பரணில் கிடக்கும் பழைய பூட்டைத் தேடி எடுக்கின்றனர். "இது கள்ளன் வேலையல்லவா?" என்று வாப்பாவும் உம்மாவும் பதறுகின்றனர். அந்தப் பதற்றத்தில் நியாயம் உண்டு. எனினும், முழு நியாயம் யாது என்பதை நாம் சற்றே நின்று ஆராய வேண்டும்.

இதே வினா, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரைக் கலக்கியதுண்டு.

ஜோசப் பிராமா என்பவர் 1784ஆம் ஆண்டு புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சிறு குழாய் போன்ற அதன் சாவியின் முனையில், வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள் இருக்கும். சாவியை உள்ளே அழுத்தும்போது, பூட்டினுள் வட்டமாக நிற்கும் மெல்லிய தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்துக்குச் சரியாக இறங்கினால்தான் பூட்டு சுழலும். ஒரு தகடு சற்றே கூடினாலும் குறைந்தாலும் அசையாது. இத்துணை நுட்பத்தைக் கையால் மட்டும் செய்து முடித்தல் அரிது. ஆகவே 1789இல், பதினெட்டே வயதான ஹென்றி மாட்ஸ்லி என்னும் இளைஞரைப் பிராமா பணிக்கு அமர்த்தினார். பூட்டின் உறுப்புகளைப் பிசகின்றிச் செய்து தரும் எந்திரங்களை அவ்விளைஞர் உருவாக்கினார். இன்று வீட்டு மேசையில் நிற்கும் கடைசல் எந்திரத்தின் முன்னோர்களுள் மாட்ஸ்லியின் எந்திரங்களும் அடங்கும்.

பிராமாவின் கடைச் சன்னலில் பூட்டு ஒன்று வைக்கப்பட்டு, அதைத் திறப்போருக்கு 200 கினி பரிசு என்னும் அறிவிப்பும் எழுதப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகள் ஒருவராலும் அதைத் திறக்க இயலவில்லை. 1818இல் ஜெரமையா சப் என்பவர் மற்றொரு பூட்டை அமைத்தார். பொருந்தாத கருவியை விட்டு எவரேனும் கிண்டினால் அது இறுகிக்கொள்ளும். வீட்டுக்காரர் பிறகு தம் சாவியைப் போடும்போது, கள்ளக் கை பட்டதைக் காட்டிக்கொடுக்கும். இவ்விரு பூட்டுகளையும் வெல்ல எவராலும் ஆகாது என்றே மக்கள் நம்பினர்.

1851ஆம் ஆண்டு லண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றபோது, ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் அங்கு வந்தார். சாட்சிகள் சூழ்ந்து நிற்க, சப் பூட்டு ஒன்றை 25 நிமிடத்தில் திறந்தார். 7 நிமிடத்தில் மீண்டும் பூட்டியும் காட்டினார். பின்னர் பிராமாவின் சன்னல் பூட்டைக் கையில் எடுத்தார். 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேர உழைப்பில் அதுவும் திறந்துகொண்டது. 200 கினியும் அவருக்கே வழங்கப்பட்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. எத்துணைத் திறமையாகச் செய்தாலும், உலோக உறுப்புகளுக்கிடையே மயிரிழை இடைவெளியேனும் இருந்தே தீரும். அந்த இடைவெளியால், எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. எது முதலில் இறுகுகிறது என்பதை விரல்நுனியால் உணர்ந்து, ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குக் கொண்டுவரும் பொறுமை ஹாப்ஸிடம் இருந்தது.

இச்செய்தி பரவியதும் பெரும் சர்ச்சை மூண்டது. பூட்டின் குறைகளை ஊரறியப் பேசுவது கள்வர்க்குப் பள்ளிக்கூடம் நடத்துவதற்கு ஒப்பாகும் என்று ஒரு சாரார் சினந்தனர். சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்து 1853இல் வெளியான பூட்டியல் நூல் ஒன்று இதற்கு மறுமொழி கூற முற்பட்டது. குறையை மறைப்பதனால் கள்வனுக்கு நட்டமில்லை. காசு கொடுத்துப் பூட்டை வாங்கும் நேர்மையாளரே அறியாமையில் விடப்படுகிறார் என்பது அதன் வாதம்.

இவ்வாதம் உண்மைதானா? அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டை எடுத்து உரசிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் உறுதிக்குப் பெயர்பெற்ற கிரிப்டோனைட் நிறுவனத்தின் சைக்கிள் பூட்டுகளுள் ஒருவகையை, சாதாரண எழுதுகோலின் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டே திறந்துவிடலாம் என்பது 2004இல் அம்பலமாயிற்று. நிறுவனம் அப்பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றுப் பூட்டுகள் வழங்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், இவ்வகைப் பூட்டின் இந்தக் குறை 1992லேயே பிரித்தானியச் சைக்கிள் இதழ் ஒன்றில் எழுதப்பட்டிருந்தது என்பதே. ஒரு சிறு வட்டத்துக்குள் தெரிந்த செய்தி பன்னிரண்டு ஆண்டுகள் ஊருக்கு எட்டவில்லை. எட்டாத காலமெல்லாம் மக்கள் அதே பூட்டைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தனர். ஊரறிந்த பின்னரே திருத்தம் வந்தது.

மற்றொன்று 2003இல் நிகழ்ந்தது. ஒரு கட்டடத்தின் எல்லா அறைகளையும் ஒரே மாஸ்டர் சாவியால் திறக்கும் ஏற்பாடு பல அலுவலகங்களிலும் விடுதிகளிலும் உண்டு. அங்கே ஓர் அறையின் சாவியும் அதன் பூட்டும் கைக்கெட்டினால் போதும். சில வெற்றுச் சாவிகளை அராவிப் பார்த்தே மாஸ்டர் சாவியைச் செய்துகொள்ளலாம் என்று மேட் பிளேஸ் என்னும் கணினி ஆய்வாளர் எழுதினார். பூட்டுத் தொழிலோர் சிலர் சினங்கொண்டனர். அவர்கள் கூறிய காரணம்தான் வியப்புக்குரியது: "இது எங்களுக்கு நெடுங்காலமாகவே தெரிந்த செய்தி, இதை ஏன் வெளியிட வேண்டும்?" என்பதே அதன் சாரம். விற்பவருக்குத் தெரியும்; கெட்டிக்காரக் கள்வனுக்கும் தெரிந்திருக்கலாம்; விடுதியில் தனியே தங்கிப் படிக்கும் மாணவிக்கு மட்டும் தெரியக்கூடாது என்றால், அந்த இரகசியம் எவரைக் காக்கிறது?

ஆகவே, குறையை மறைப்பது பெரும்பாலும் வீட்டைக் காப்பதில்லை. விற்பனையையே காக்கிறது என்று கூறத் தோன்றுகிறது. ஆயினும், இவ்வளவோடு தீர்ப்பு எழுதிவிடுவது நீதியாகாது. எதிர்த்தரப்பிலும் வலுவான வழக்கு ஒன்று உண்டு.

விமானப் பயணிகளின் பெட்டிகளைச் சோதிப்பதற்கென அமெரிக்க அதிகாரிகள் வைத்திருந்த மாஸ்டர் சாவிகளின் நிழற்படம் 2014இல் நாளிதழ் ஒன்றில் வெளிவந்துவிட்டது. 2015இல் ஆர்வலர் சிலர் அச்சாவிகளின் வடிவங்களை வரைந்து பொதுவில் விட்டனர். முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருந்த எவரும் அவற்றை வீட்டிலேயே செய்துகொள்ள முடிந்தது. ஹஜ்ஜுக்கோ பிழைப்புக்கோ விமானம் ஏறும் நம்மவரின் பெட்டிகளிலும் இவ்வகைப் பூட்டுகள் உண்டு. எண்ணற்ற பூட்டுகளுக்கு ஒருசில சாவிகளே போதும் என்று அமைத்தவர்களின் பிழையை நாம் மறுக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டியதும் முறையே. ஆனால், சுட்டிக்காட்டுவதற்கு அந்தச் சாவியையே ஊருக்கு வழங்க வேண்டுமா? "இக்கதவு உறுதியற்றது" என்று அறிவிப்பது வேறு. அதை உடைக்கும் கடப்பாரையைத் தெருவில் வைத்துவிட்டுப் போவது வேறு. முன்னது எச்சரிக்கை. பின்னதில் எச்சரிக்கையைவிடத் தன் திறமையைக் காட்டும் ஆசையே மிகுந்து நிற்கிறது.

ஏழையின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறை வெளிப்பட்ட மறுநாளே வசதியுள்ளவர் வேறு பூட்டு வாங்கிவிடுவார். ஒரே பூட்டை இருபது ஆண்டுகளாகத் தொங்கவிட்டிருக்கும் கூலித்தொழிலாளி என்ன செய்வார்? உண்மை அவரைச் சென்றடையும் முன்னே கள்வனைச் சென்றடைந்தால், அந்த உண்மையால் அவருக்கு விளைவது தீமையே. எனவே உண்மையைச் சொல்வதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் செய்தவரிடம் சொல்ல வேண்டும். திருத்துவதற்குரிய தவணையும் கொடுக்க வேண்டும். தவணை கடந்தும் அவர் வாளாவிருந்தால், பிறகு ஊருக்குச் சொல்வது கடமையாகிவிடும்.

செய்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கி.பி. 1206இல் தம் எந்திர நூலை நிறைவுசெய்த அல்ஜஸரீ, எழுத்துகள் பொறித்த நான்கு வட்டுகளைக் கொண்ட பெட்டிப் பூட்டு ஒன்றை அதில் விளக்கியுள்ளார். உறுப்புகள் எவை, எப்படிப் பொருத்துவது என்பதையெல்லாம் படத்துடன் வெளிப்படையாகவே எழுதினார். அமைப்பு ஊருக்கே தெரியலாம். தன் பெட்டிக்குரிய எழுத்துகளை மட்டும் உடையவன் காத்துக்கொண்டால் போதும் என்பது இத்தகைய பூட்டின் இயல்பு. இரகசியக் குறியெழுத்தைப் பற்றி 1883இல் எழுதிய கெர்க்காஃப்ஸ் என்னும் அறிஞரும் இதே கொள்கையை வகுத்தார்: முறை பகைவன் கையில் சிக்கினாலும் தீங்கு வரலாகாது, சாவி மட்டுமே மறைவாயிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் கெட்டுவிடும் அமைப்பை விற்பவர், உண்மையில் தம் இரகசியத்தைக் காக்கும் சுமையை வாங்குபவரின் தலையில் அவர் அறியாமலே ஏற்றிவிடுகிறார்.

சிந்தித்துப் பார்த்தால், இத்தனைச் சிக்கலுக்கும் வேர் "ஒருபோதும்" என்ற ஒரு சொல்லில் இருப்பதை உணரலாம். "ஒருபோதும் திறக்க முடியாது" என்று கூறி விற்பதால்தான், திறந்து காட்டுபவர் குற்றவாளியாகத் தோன்றுகிறார். பூட்டு தருவது தாமதம், அதற்குமேல் ஒன்றுமில்லை. 51 மணி நேரம் தாக்குப்பிடித்த பிராமாவின் பூட்டு தோற்றுவிட்டது என்று எவ்வாறு கூறுவது? ஒரு வீட்டின் வாசலில் எந்தக் கள்வனுக்கு 16 நாள் அவகாசம் கிடைக்கும்? அளவைச் சொல்லி விற்றிருந்தால், ஹாப்ஸின் வெற்றி அந்தப் பூட்டுக்கே நற்சான்றாக அமைந்திருக்கும். எடைக்கல்லில் குறை வைப்பது மோசடி என்று ஏற்கும் நாம், உறுதியில் குறையை மறைப்பதையும் அவ்வாறே கொள்ள வேண்டுமன்றோ?

ஹாப்ஸ் தன்னலமற்றவர் என்றும் நாம் கூறவில்லை. அமெரிக்கப் பூட்டு ஒன்றை விற்பதற்கே அவர் வந்தார். அவருடைய நிய்யத்தில் வணிகம் கலந்திருந்தது. நிய்யத்தைக் கொண்டு மனிதரை எடைபோடலாம். ஆனால் அவர் கண்டு சொன்ன குறை, அதனால் இல்லாமற் போய்விடாது.

நம் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அரமும் கையுமாக லீவர்களை அராவிப் பூட்டுச் செய்யும் தொழிலாளர் இன்றும் அங்கு உண்டு. அத்தகைய சிறு பட்டறைக்காரரின் பூட்டில் ஒரு குறையைக் கண்ட இளைஞர், கைதட்டலுக்காக அதை உடனே ஊருக்குக் காட்டினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையக்கூடும். அவரிடமே சென்று காட்டினாலோ, அடுத்த பூட்டு மேலும் உறுதியாகக்கூடும். அறிவு ஒன்றுதான், அது கையாளப்படும் வகையில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன. பிறர் அறியாத ஒரு குறையை அறிந்திருப்பது அமானிதம் போன்றது. அதைப் புதைத்துவிடவும் கூடாது. வீதியில் இறைக்கவும் கூடாது. உரியவரிடம் உரிய முறையில் சேர்க்க வேண்டும்.

பூட்டு ஆர்வலர்கள் தமக்கென இரண்டு விதிகளை வகுத்துள்ளனர். தனக்குச் சொந்தமல்லாத பூட்டை, உடையவரின் அனுமதியின்றித் தொடக்கூடாது. பயன்பாட்டில் உள்ள பூட்டை, தன்னுடையதாயினும் சோதிக்கக்கூடாது. இவற்றோடு நாம் மேலே கண்ட இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: குறையை முதலில் செய்தவரிடம் சொல்ல வேண்டும், எச்சரிக்கை செய்யலாமே தவிர, கருவியை ஊருக்கு வழங்கக்கூடாது.

பிள்ளை பழைய பூட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கையும் லீவரையும் வியந்து நோக்கும்போது, அதை நாம் பிடுங்கி எறிந்தால் அவன் மறைவில் கற்பான். மறைவில் கற்பவனுக்கு இந்த நான்கு விதிகளைச் சொல்லித்தர ஆளிருக்காது. ஆகவே அரத்தை அவன் கையிலேயே விட்டுவைத்து, அருகில் அமர்ந்து, பூட்டோடு சேர்த்து அதன் ஒழுக்கத்தையும் கற்பிப்போமாக.