சுமாராகப் பாடும் உரிமை

நாற்பத்து மூன்றாவது வயதில் பாட்டு கற்றுக்கொள்ளப் போனேன். ஆசைப்பட்டுப் போகவில்லை, தொண்டை கட்டியதால் போனேன். இருபது ஆண்டுகளாக மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே சங்க இலக்கியம் நடத்திய குரல் ஒரு ஜூலை மாதம் முற்றிலும் அடைத்துக்கொண்டது. இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். அதன்பிறகு யாரிடமாவது மூச்சுப் பயிற்சி எடுங்கள் என்றார். ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து சரளி வரிசையைத் தொடங்கினேன்.

“எந்தக் கட்டை மேடம்?” என்று கேட்டாள். அஞ்சரை என்றேன். பெண் என்றால் அஞ்சரைக் கட்டை என்று எங்கோ கேட்டிருந்தேன். மேல் ஸட்ஜத்தை எட்டுமுன் குரல் கீச்சிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் சுருதிப் பெட்டியை நாலுக்கு இறக்கினாள். “உங்க குரல் இங்கதான் இருக்கு. டி.கே. பட்டம்மாள் பாடிக் கேட்டிருக்கீங்கல்ல? அவங்க குரல் கனமானதுதானே?” என்றாள். பெண்குரல் என்றால் மெல்லியது, உயர்ந்தது என்று எனக்குள் யாரோ எழுதி வைத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

அடுத்த பாடம் வயிறு. மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் கீழே இறங்கும். அதற்கு இடம்விட்டு வயிறு முன்னால் வர வேண்டும். என் வயிறு வரவில்லை. பதிமூன்று வயதிலிருந்து அதை உள்ளே இழுத்துப் பிடித்தே பழகியிருந்தேன். “வயித்தை விடுங்க மேடம்” என்று அவள் சொல்லச் சொல்ல, தோள்தான் மேலே ஏறியது. வயிற்றை இறுக்கினால் மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடும். அந்தக் குறைமூச்சை வைத்துக்கொண்டு உரக்கப் பேச, தொண்டையை நெரிக்க வேண்டியிருக்கும். நான் இருபது ஆண்டுகளாகச் செய்தது அதைத்தான். இறுக்கிக் கட்டிய சேலையும், ஒட்டிய வயிறே அழகு என்ற பாடமும், அடக்கிப் பேசு என்ற அதட்டலும் சேர்ந்து செய்த வேலை அது. ‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்ற பழமொழியை நாம் காதால் கேட்டதாக நினைக்கிறோம். அது தசைகளில் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் குரல் பயிற்சி என்பது பெரும்பாலும் கற்றதை மறக்கும் வேலையாகவே இருந்தது.

பாடத் தயங்கும் பெண்ணிடம் எல்லாரும் சொல்வது, ‘தன்னம்பிக்கை வேண்டும்’ என்பது. ஏதோ அவள் வாங்கி வர மறந்த சாமான் போல. குரல் என்ற கருவியின் இயல்பை யோசித்தால் இந்த அறிவுரை எவ்வளவு பொய்யானது என்று புரியும். கவிதையை எழுதிக் கிழித்துப் போடலாம். நானே நூறு கவிதைகளைக் கிழித்திருக்கிறேன், ஒருவரும் அறியார். பாட்டை அப்படிக் கிழிக்க முடியாது. குரல் சுவரைத் தாண்டும். தவறான ஸ்வரம் மாமியாருக்குக் கேட்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், தெருவில் போகிறவருக்கும் கேட்கும். மோசமாகப் பாடுவதைப் பல மாதங்கள் பிறர் கேட்டுக்கொண்டிருக்க, அதைத் தாண்டித்தான் சுமாராகப் பாட முடியும். ஆகவே பாடுகிறவளின் தன்னம்பிக்கை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, கேட்கிறவர்களின் பொறுமை. அந்தப் பொறுமை யாருக்குக் கிடைக்கிறது என்பதே அறக் கேள்வி.

எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர் தினமும் சினிமாப் பாட்டைச் சுருதியே இல்லாமல் பாடுவார். ‘அண்ணன் இன்னிக்கு குஷியா இருக்காரு’ என்பார்கள். அவர் மனைவி அப்படிப் பாடினால் ஊர் என்ன சொல்லும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நம் பெண்கள் பாடாதவர்களும் அல்லர். தாலாட்டு அவர்களுடையது, ஒப்பாரி அவர்களுடையது, நாற்று நடும்போதும் கும்மி கொட்டும்போதும் எழுவது அவர்கள் குரல். என் அப்பத்தா ஒப்பாரி சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அவரிடமே போய்ப் பாடச் சொன்னால், “எனக்கெங்கத்தா பாடத் தெரியும்?” என்பார். அது அடக்கம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது வேறாகத் தோன்றுகிறது. பிள்ளை தூங்க வேண்டும், செத்தவர் வழியனுப்பப்பட வேண்டும், வேலை நடக்க வேண்டும். யாருக்காவது பயன்பட்டால் அவர் உரக்கப் பாடலாம். காரணமே இல்லாமல், தனக்காகப் பாடுவதைத்தான் அவர் ‘பாடுவது’ என்று குறிப்பிட்டார். அதற்கு அவருக்கு அனுமதி இருந்ததே இல்லை.

பயன்படாமல் பாட வேண்டுமானால், பெண் அபூர்வமாகப் பாட வேண்டும் என்பது அடுத்த விதி. ஒரு காலத்தில் அதுகூடப் போதவில்லை. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி சிதைந்து கிடந்தபோது தன் செல்வத்தைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் 1878-இல் பிறந்தவர். முத்துப்பழனி என்ற பெண் கவியின் தெலுங்குக் காவியத்தை 1910-இல் பதிப்பித்து, அரசின் தடையைச் சந்தித்தவர். கோயில் குடமுழுக்கு 1926-இல் நடந்தது. ஆனால் அங்கே ஆராதனை நடத்திவந்த ஆண்களின் அணிகள் பெண்களைப் பாட விடவில்லை. கட்டியவருக்கே அந்த இடத்தில் குரல் இல்லை. அவர் பெண்களைத் திரட்டி, கோயிலின் பின்புறத்தில் தனி ஆராதனையே நடத்தினார். 1940-இல் அணிகள் ஒன்றிணைந்த பிறகே பெண்களும் ஆண்களும் ஒரே ஆராதனையில் பாடும் நிலை வந்தது.

இந்த வரலாற்றை மேதைகளின் வெற்றியாக மட்டும் சொல்வது வழக்கம். இன்று ஆராதனையில் பஞ்சரத்தினக் கிருதிகளைக் கூட்டமாகப் பாடும்போது வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். மேடைக் கலைஞர்களோடு, பெயர் தெரியாத எத்தனையோ பேர் இருப்பார்கள். சிலர் அடியை விடுவார்கள், சிலர் மேல்ஸ்தாயியில் வாயை மட்டும் அசைப்பார்கள். நாகரத்தினம்மாள் திறந்த கதவின் வழியே இந்தச் சுமாரான குரல்களும் வந்திருக்கின்றன. எனக்கு அதுவே பெரிய வெற்றியாகப் படுகிறது.

தரம் என்று ஒன்று வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். காசு கொடுத்துக் கச்சேரிக்கு வந்தவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. மற்ற இடங்களில் தரத்தின் பெயரால் வாய் மூடப்படும்போது, மூடுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். நானே மூடியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ் மன்றத்தில், மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவி பாட எழுந்தாள். காற்றையும் அலையையும் எதிர்த்துப் பேசிப் பழகிய குரல். அறைக்கு அது பெரிது. நான் முன்வரிசையிலிருந்து, “கொஞ்சம் மெதுவா பாடும்மா, இது கடற்கரை இல்ல. சுருதியும் சேரணும்ல?” என்று சிரித்தபடி சொன்னேன். அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். மூன்றாண்டுகள் என் வகுப்பில் இருந்தாள். அதன்பின் ஒருமுறைகூடப் பாடவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்த நாளில், பாயில் உட்கார்ந்தபடி எனக்கு அவள் நினைவுதான் வந்தது. எனக்காவது சுருதியை இறக்கி வைக்க ஓர் ஆசிரியை இருந்தாள். அவளுக்கு இருந்த ஆசிரியை நான்.

சென்ற ஆண்டு பாம்பனில் சின்னப்பாலம் போயிருந்தேன். மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் வாழும் ஊர். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி. மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். எவ்வளவு மூச்சு இழுப்பீர்கள் என்று ஒரு மூத்த பெண்ணிடம் கேட்டேன். “நெறைய இழுத்தா மேலல்ல தூக்கும் டீச்சரம்மா. அளவா இழுத்து, ஒடம்பத் தளர விடணும்” என்றார். என் பாட்டு டீச்சர் ஓராண்டாகச் சொல்லிவந்ததும் அதுதான். அந்தக் கரையில் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலைக் கேட்டேன். நான் பெரிதென்று சொன்னேனே, அதே குரல்.

இப்போது தமிழ் மன்றத்தில் வெள்ளிக்கிழமை கடைசி மணிநேரம் யார் வேண்டுமானாலும் பாடலாம். ஒரே விதி: பாடி முடிக்கும்வரை யாரும், குறிப்பாக நான், எதுவும் சொல்லக் கூடாது. முதல் வாரம் யாரும் எழவில்லை. நானே எழுந்து, நாலு கட்டையில், வயிற்றை விட்டுப் பாடினேன். சுமாராகத்தான் இருந்தது. அடுத்த வாரம் இரண்டு பேர் எழுந்தார்கள்.