கடை வாசலும் கடைக்காரர் மனச்சாட்சியும்

சென்ற பௌர்ணமியன்று திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி முடித்து அன்பர்கள் கலையும் வேளையில், சிறியதோர் அச்சகம் நடத்திவரும் இளம் உபாசகர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். ஆடவர் இருவர், தாங்கள் இணைந்து வாழத் தொடங்குவதை உற்றார்க்கு அறிவித்து விருந்தளிக்க எண்ணி, அழைப்பிதழ் அச்சிட்டுத் தருமாறு அவரிடம் வந்திருக்கின்றனர். "என் மனம் ஒப்பவில்லை, ஐயா. போன ஆண்டு, பகவான் புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்று சொல்லும் துண்டறிக்கை ஒன்றை அச்சிட மறுத்தேன். நீங்களே சரி என்றீர்கள். அது சரியென்றால் இது மட்டும் எப்படிக் குற்றமாகும்?" என்றார். அன்றிரவு எனக்கு விடை தோன்றவில்லை. தோன்றியது போல் பாவனை செய்யாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி அனுப்பினேன்.

இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லேக்வுட் நகரில், 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம், மாஸ்டர்பீஸ் என்னும் கேக் கடைக்கு ஆடவர் இருவர் தம் மண விருந்துக்குக் கேக் செய்யச் சொல்லிச் சென்றனர். கடை உரிமையாளர் பக்தியுள்ள கிறிஸ்தவர். வேறு பண்டம் எதுவாயினும் தருவதாகவும், ஓரின மணத்துக்கு மட்டும் கேக் செய்வதில்லை என்றும் அவர் சொல்லிவிட்டார். கேக்கின் மேல் என்ன எழுதுவது, எவ்வடிவில் செய்வது என்ற பேச்சே எழவில்லை. தன்பாலீர்ப்பினர்க்குக் கடைகளில் பாரபட்சம் காட்டலாகாது என்பது அம்மாநிலச் சட்டம். மாநிலத்தின் குடியுரிமை ஆணையம் கடைக்காரர் மேல் குற்றம் கண்டது. வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2018 ஜூன் 4ஆம் நாள், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக, கடைக்காரர்க்குச் சாதகமாக முடிந்தது.

அத்தீர்ப்பு கடைக்காரர்க்கு மறுக்கும் உரிமை உண்டென்று கூறியதாகப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. அந்தப் பெரிய கேள்வியைக் கோர்ட்டு தீர்க்காமலே விட்டுவிட்டது. ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் பகிரங்க விசாரணையில், அடிமை முறைக்கும் யூதப் படுகொலைக்கும் மதத்தைச் சாக்காகக் காட்டியதை எடுத்துக்காட்டி, இக்கடைக்காரரின் நம்பிக்கையையும் அவ்வரிசையில் வைத்து இகழ்ந்து பேசினார். நடுநிலை காக்க வேண்டிய இடத்தில் பகைமை புகுந்தது என்பதற்காகவே அவ்வாணையத்தின் முடிவு தள்ளப்பட்டது. பாரபட்சத்தை ஒழிக்க வந்தவரே நல்வாய்மை தவறியதால், கதவடைக்கப்பட்ட இருவரும் தோற்றுப்போயினர். நம் மேடைகளில் பேசுவோர் இதனைச் சற்றே மனத்தில் கொள்ளலாம்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்தது இதற்கு நேர் எதிரான வகை. 2014ஆம் ஆண்டு ஒருவர், ஓரினத் திருமணத்தை ஆதரிப்பீர் என்ற முழக்கத்தை எழுதிய கேக் ஒன்றுக்கு ஆஷர்ஸ் என்னும் ரொட்டிக்கடையில் 36 பவுன் 50 பென்ஸ் கட்டினார். கடைக்காரர் பின்னர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். கீழ்க்கோர்ட்டுகளில் அவர் தோற்றார். 2018 அக்டோபர் 10ஆம் நாள் பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். கேட்டவர் யார் என்பதற்காக அவர் மறுக்கவில்லை. அம்முழக்கத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார். தான் நம்பாத கருத்தைத் தன் கையால் எழுதுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

இங்கேதான் நம் அச்சகத்தார்க்கு விடை பிறக்கிறது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் ஐந்தாவது, புத்தரை விஷ்ணுவின் அவதாரமாகக் கொள்வதை மறுப்பது. அத்துண்டறிக்கையை நம் சங்கத்தார் ஒருவரே கொண்டுவந்திருந்தாலும் அவர் மறுத்திருப்பார். அதைக் கொண்டுவந்த அதே வைணவர் தம் மகளின் மண அழைப்பிதழோடு வந்திருந்தால் மறுத்திருக்கமாட்டார். மறுக்கவும் இல்லை. அவருடைய அச்சகத்தில் பிள்ளையார் சுழியும் குலதெய்வப் பெயரும் தாங்கிய அழைப்பிதழ்கள் முகூர்த்த மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் அச்சாகின்றன. அவற்றைப் படிப்பவர் எவரும் அச்சகத்தார் பிள்ளையாரை வணங்குகிறார் என்று கருதுவதில்லை. அழைப்பது மணவீட்டார், அச்சகத்தார் அல்லர். அவ்விருவரும் கொணர்ந்த தாளிலும் நாள், நேரம், மண்டபம், விருந்து என்பனவே உள்ளன. மற்ற அழைப்பிதழ்களுக்கும் இதற்கும் வேற்றுமை இரண்டு பெயர்கள் மட்டுமே. ஆகவே அவர் மறுக்க விரும்புவது சொல்லையன்று, ஆளையே.

"ஆளை மறுக்கவில்லை, அந்நிகழ்ச்சியை மறுக்கிறேன். அவர்களுடைய தாயார் வந்து கேட்டாலும் மறுப்பேன்" என்று கொலராடோக்காரர் வாதித்தார். சாதுரியமான வாதந்தான். ஆனால் நமக்கு இது புதிதன்று. சேரிக் கல்யாணத்துக்கு என்றால் பந்தல் சாமான் வாடகைக்குத் தருவதில்லை என்ற கடைக்காரர்களை நம் முன்னோர் அறிவார்கள். சேரியார் வந்து கேட்டாலும் இல்லை, அவர்க்காக வேறெவர் வந்து கேட்டாலும் இல்லை. அது சேரியாரைக் குறித்த மறுப்பு அன்று, நிகழ்ச்சியைக் குறித்த மறுப்பே என்று சொன்னால் நம்மில் யார் ஒப்புவோம்? மணம் என்பது ஒருவரிடமிருந்து பிரித்தெடுக்கத்தக்க கொள்கையா? மதநம்பிக்கை என்ற காரணமும் பழையதே. தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்னும் உணவகத் தொடரின் உரிமையாளர், கறுப்பரோடு வெள்ளையரைச் சமமாக உட்காரவைப்பது தம் சமயத்துக்கு விரோதம் என்று வழக்காடினார். 1968இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை ஆராயவும் தகாததெனத் தள்ளியது.

கடை என்பது என்ன என்ற கேள்வியைப் பாபாசாகேப் நமக்கு முன்னரே எதிர்கொண்டார். 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், இன்று பதினைந்தாவது விதியாக உள்ள பகுதி விவாதிக்கப்பட்டபோது, கடை என்னும் சொல்லில் எவையெல்லாம் அடங்கும் என்று உறுப்பினர்கள் வினவினர். பணி நாடி வருவோர்க்குப் பணி செய்ய ஆயத்தமாக இருக்கும் எவரும் அதில் அடங்குவர் என்றும், உள்ளே நுழையவிடுவது மட்டும் போதாது, நிபந்தனைக்கு இசைந்தவர்க்கு அப்பணியையும் செய்தாக வேண்டும் என்றும் அவர் விளக்கினார். வாசலில் நிற்கவைத்துத் தனிக் குவளையில் தேநீர் ஊற்றியவர்களும் பண்டத்தை மறுக்கவில்லை அன்றோ! வேறு பண்டம் தருகிறேன் என்ற கொலராடோக் கடைக்காரரின் சொல்லைப் படித்தபோது எனக்கு அக்குவளையே நினைவுக்கு வந்தது.

அவ்விதி மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் நம் சுப்ரீம் கோர்ட்டு தன்பாலீர்ப்பைக் குற்றமாகாமல் செய்த தீர்ப்பில், நீதிபதிகளுள் சிலர் பால் என்பதில் பாலீர்ப்பும் அடங்கும் என்றனர். ஆயினும் இவர்களை மறுக்கும் கடைக்காரரைத் தண்டிக்க இந்நாட்டில் தனிச்சட்டம் இல்லை. ஓரினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் அக்கோர்ட்டே மறுத்துவிட்டது. ஆதலால் அச்சகத்தாரைச் சட்டத்தைக் காட்டி நான் அச்சுறுத்த முடியாது, அவ்விருப்பமும் இல்லை.

தம்மம் இதை அனுமதிக்கிறதா என்றும் அவர் கேட்டார். நம் நூல்களில் எல்லாம் நமக்கு உவப்பாகவே இருப்பதாகக் காட்டுவது நேர்மையன்று. விநயத்தில் பண்டகர்க்குத் துறவு மறுக்கும் விதி உண்டு. அச்சொல்லின் பொருள் பற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். பிற்காலச் சாத்திரக்காரர் மூன்றாம் சீலத்துக்குப் பல விலக்குகளைச் சேர்த்தனர். ஆனால் மஜ்ஜிம நிகாயத்துச் சாலேய்யக சுத்தம் பிறழ்காமத்தை விளக்குமிடத்தில், தாய் தந்தையர் காவலில் உள்ளவள், கணவனை உடையவள் என்று பிறர்க்குத் துரோகமாகும் உறவுகளையே எண்ணுகிறது. நல்வாழ்வுக்கு விலக்கான வணிகங்கள் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு. இவ்வைந்தும் பண்டத்தை நோக்கிச் சொன்னவை. வாங்குபவர் இன்னார் ஆகலாகாது என்று ஆறாவதாக ஒன்று அங்கே இல்லை.

அவருக்கு நாவுரிமை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஓரின மணம் தவறு என்று அவர் கருதினால் இவ்விதழிலேயே எழுதலாம். மறுத்து நானும் எழுதுவேன். கடினமான எல்லை வேறிடத்தில் உள்ளது. கொலராடோவிலேயே இணையதளம் வடிவமைக்கும் பெண்மணி ஒருவர், ஓரின மணங்களுக்குத் தாம் தளம் ஆக்கித்தர நேரக்கூடாதென முன்கூட்டியே வழக்காடி, 2023 ஜூன் 30ஆம் நாள் ஆறுக்கு மூன்றாக வென்றார். அவர் ஆக்குவது அவருடைய சொந்தப் பேச்சு என்று கோர்ட்டு கொண்டது. பொதுமக்களுக்குத் திறந்த வணிகம் காப்புக்குரிய ஒரு கூட்டத்தாரை மறுக்க உரிமை பெறுவது இதுவே முதல் தடவை என நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்டு எழுதினார். என் அச்சமும் அதுவே. தையற்காரரும் சமையற்காரரும் நாளை தம் தொழிலும் பேச்சே என்பர்.

இருந்தும், அவ்விருவரும் தம்மை வாழ்த்தி ஒரு வெண்பா இயற்றித் தருமாறு அச்சகத்தாரைக் கேட்டிருந்தால், அவர் மறுப்பதை நான் குறை கூறமாட்டேன். மனத்தில் இல்லாத வாழ்த்தை எவரிடமும் பிடுங்க முடியாது. அவர்கள் கேட்டது வெண்பா அன்று. இருநூறு அழைப்பிதழ், வெளிர்மஞ்சள் அட்டையில். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். மெய்ப்புத் திருத்தத்துக்கு அவர்களை வரச்சொல்லியிருப்பதாக மறுநாள் சொல்லியனுப்பினார்.