பாலாலயமும் பழைய சுவரும்

போடிநாயக்கனூரில் பழையவை இரண்டு வகை. பரமசிவன் மலைக்கோயில், சுப்பிரமணிய சுவாமி கோயில் போல வழிபாடு ஓயாதவை ஒன்று. ஜமீன் அரண்மனை போல, எதற்காகக் கட்டினார்களோ அந்த வேலை தீர்ந்துபோனவை மற்றொன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது அரண்மனையின் அதிகாரம் போயிற்று, கட்டடம் நின்றது. ஒரு கட்டடத்தின் மேன்மை அதன் கல்லிலும் காரையிலும் இருக்கிறதா, உள்ளே குடியிருப்பதில் இருக்கிறதா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

ஆகமத்தின் விடையில் ஐயமே இல்லை. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரின் சக்தியைக் கலாகர்ஷணத்தால் கும்பத்துக்கு மாற்றி, பெரும்பாலும் அத்திப் பலகையில் எழுதிய உருவத்தில் எழுந்தருளச் செய்து, பூசையை அங்கே தொடர்வார்கள். அதுவரை அர்ச்சகர் மட்டுமே நுழைந்த கருவறைக்குள் அதன்பின் ஸ்தபதியும் கொத்தனாரும் ஏணியும் கலவைச் சட்டியுமாகப் போகலாம். அது இப்போது வேலை நடக்கும் ஓர் அறை, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து மெழுகுப் பதமாக்கி, பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையே சாத்துவார்கள். இந்த அஷ்டபந்தனத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. குடமுழுக்குக்கும் அதுவே கணக்கு. பழமைக்கு இதில் தனி மரியாதை கிடையாது. புதுப்பித்தால்தான் புனிதம் நிலைக்கும்.

ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டிவிடுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள். இங்கிலாந்திலோ இதற்கு நேர் எதிரான குரல் எழுந்தது. டியூக்ஸ்பரி என்ற சந்தை ஊரின் பழைய மடாலயத் தேவாலயத்தைச் சீரமைக்கப் போகிறார்கள் என்றறிந்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஒழுகினால் அடைக்கலாம், சாய்ந்தால் முட்டுக் கொடுக்கலாம். சுரண்டிப் புதுசாக்கக் கூடாது என்பது அவர் கட்சி. போன தலைமுறைகளின் கைவேலையை மாற்ற இருக்கிற தலைமுறைக்கு உரிமை இல்லை என்று அவர் கருதினார்.

இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டிலேயே ஒரு வழி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். கோயிலும் புதிதாயிற்று, பழைய ஆவணமும் தப்பியது. மாரிஸின் பிடிவாதத்தைவிடவும், மணல் வீசிக் கல்லைத் தேய்க்கும் அண்மைக் காலத் திருப்பணிகளைவிடவும் இது உயர்ந்த புத்தி.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் இந்தச் சிக்கலே இல்லை. மரத்தடியில் மஞ்சளும் குங்குமமும் பூசிய கல்தான் அங்கே சாமி. கூரை இல்லாததால் சீரமைப்பும் இல்லை. பூசைக்கு உரியவை அல்லாதவற்றின் கதை வேறு. குண்டளைப் பள்ளத்தாக்கின் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடப் பாதையும் ஓய்ந்துவிட்டது. 1928-இல் வந்த மதுரை–போடி ரயில் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நின்று, 2023 ஜூனில் திரும்ப ஓடத் தொடங்கியது. பயன் இருந்தால் ரயிலுக்கும் மறுபிறப்பு உண்டு.

அரண்மனையின் நிலைதான் கடினம். அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. அங்கே இராமன் இருக்கிறான், ஆனால் ஆவாகனம் இல்லை. எனவே பாலாலயமும் இல்லை, பன்னிரண்டு ஆண்டுக் கணக்கும் இல்லை. தெய்வத்தை வேறிடத்துக்கு மாற்றலாம். ஓவியத்தைச் சுவரிலிருந்து அப்படிப் பிரிக்க முடியாது. புதுப்பிப்பதே பக்தி என்ற கோயில் பழக்கத்தை இந்தச் சுவரிடம் காட்டினால் மிஞ்சுவது வெள்ளைச் சுண்ணாம்புதான். இங்கே மாரிஸ் சொன்னதே சரி.

கோயில்களின் பழமையைக் காக்க 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் 75 உத்தரவுகள் பிறப்பித்தது. மரபுடைமை ஆணையத்துக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2012-இலேயே நிறைவேறியது. பூசை இல்லாத கட்டடங்களுக்கு இத்தகைய சட்டமும், உடையவர்களின் பொறுமையும், ஊராரின் அக்கறையுமே காவல்.