மனப்பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வா!

காலை ஆறரை மணி. பாஸ்டனில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டு. அங்கே ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, உனக்காக மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறார். இங்கே நீ குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, "ஒரு மணி நேரம் மிக்ஸி போடாதம்மா" என்று கெஞ்சிவிட்டு, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை நேர்காணலுக்காக ஜூம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். மேசையில் நான்கு பக்கக் குறிப்பு. 'டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்' என்று அவர் கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்க ஒரு பதில். மூன்று வாரமாக உருப்போட்டது.

அந்தத் தாளைக் கிழித்துப் போடு!

கோபப்படாதே தம்பி. எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்தால் நீயே கிழிப்பாய். அவர் தேர்வாளர் இல்லை, கல்லூரி ஊழியரும் இல்லை. என்றோ அங்கே படித்துவிட்டு, இன்று தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் முன்னாள் மாணவர். காசு வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறார். எம்.ஐ.டி. இவர்களை 'எஜுகேஷனல் கவுன்சிலர்' என்று அழைக்கிறது. ஹார்வர்டுக்கு உலகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். உன் எஸ்.ஏ.டி. ஸ்கோர் அவருக்குத் தெரியாது. உன் கட்டுரையை அவர் படித்ததில்லை. பெரும்பாலும் அவர் கையில் இருப்பது உன் பெயர், பள்ளி, மின்னஞ்சல் முகவரி, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் போன அந்த நான்கு மார்க்கை நினைத்து நீ இன்னும் புழுங்கிக்கொண்டிருக்கிறாயே, அது நடந்ததே அவருக்குத் தெரியாது!

உன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். பிளஸ் டூ முடிக்கும்வரை உன்னிடம் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்து கேட்டார்கள்? "எவ்வளவு மார்க்?" என்று கேட்டவர்களைக் கணக்கில் சேர்க்காதே.

இந்த நேர்காணலின் பிறப்பு அவ்வளவு சுத்தமானதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் தேர்வு மதிப்பெண்ணோடு 'குணநலன்' என்ற அளவுகோலும் வந்து சேர்ந்தது. புகைப்படமும் நேர்காணலும் அதன் கருவிகள். மதிப்பெண் மட்டும் போதும் என்று விட்டால் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் நிறைய உள்ளே வந்துவிடுகிறார்கள் என்ற கவலைதான் காரணம். 1922இல் ஹார்வர்டு தலைவர் லோவல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டவே முயன்றார். ஆள் பார்த்துக் கதவை அடைக்கச் செய்த ஏற்பாடு இது!

ஆனால் நூறு வருடம் கழித்து நடந்த கூத்தைப் பார். ஆசிய அமெரிக்க மாணவர்களைச் சேர்க்கையில் பாரபட்சமாக நடத்துகிறது என்று ஹார்வர்டு மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது அதன் மதிப்பீட்டுக் கணக்குகள் வெளியே வந்தன. ஆளுமைக்கான மதிப்பெண்ணில் ஆசிய அமெரிக்க மாணவர்கள் வெள்ளையர்களைவிடச் சராசரியில் பின்தங்கியிருந்தார்கள். அந்த மதிப்பெண்ணைப் போட்டவர்கள் சேர்க்கை அலுவலர்கள். பெரும்பாலான மாணவர்களை அவர்கள் நேரில் கண்டதே இல்லை. நேரில் பார்த்துப் பேசிய முன்னாள் மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணில் அந்த இடைவெளி குறைந்திருந்தது. 2019இல் நீதிபதி ஹார்வர்டு பக்கம் தீர்ப்பளித்தார். 2023இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த வழக்கு அங்கேயே வாழும் ஆசியர்களைப் பற்றியது, உன்னைப் பற்றியதல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அதை ஒரே விதமாகத்தான் படிக்கிறேன்: காகிதத்தில் மங்கலாகத் தெரிந்த பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து பேசியபோது கொஞ்சம் துலங்கினார்கள். விண்ணப்பத்தில் மற்ற எல்லாம் காகிதம். இந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும்தான் நீ நீயாக இருக்கிறாய். அதிலும் போய்க் காகிதத்தைப் படிப்பேன் என்கிறாயே!

சரி, எதைத் தயார் செய்வது? இதற்குக் கோனார் நோட்ஸ் கிடையாது. கேள்விகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். உன்னைப் பற்றிச் சொல், எதில் நேரம் போவதே தெரியாமல் மூழ்குவாய், எங்கே தோற்றாய், ஏன் எங்கள் கல்லூரி. பேச்சு முடிந்ததும் அவர் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதை மறந்துவிடாதே. "எனக்கு ரோபாட்டிக்ஸில் மிகுந்த ஆர்வம்" என்று நீ சொன்னால் பாவம், அவர் என்ன எழுதுவார்? இதையே அவர் அந்த வாரம் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருப்பார்.

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டி திட்டுவாரே, அதைச் சொல். தானாக மோட்டார் நிற்க ஒரு சுவிட்ச் செய்தாய். முதல் தடவை ரிலே கருகியது. இரண்டாவது தடவை மோட்டார் நிற்கவே இல்லை. வீட்டுச் சுவரெல்லாம் தண்ணீர், பாட்டியிடம் இரட்டைத் திட்டு. மூன்றாவது தடவை தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாய். இன்று அந்தப் பாட்டி வீட்டுத் தொட்டியிலும் நீ செய்த சுவிட்ச்தான் ஓடுகிறது. இதைக் கேட்டவர் சிரிப்பார், "ஏன் கருகியது?" என்று கேட்பார், இரவோடு இரவாக எழுதியும் அனுப்புவார். உனக்குத் தொட்டி இல்லையென்றால் வேறொன்று இருக்கும். தறி, மளிகைக் கடைக் கணக்கு நோட்டு, தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த மாலைகள். தேடு! இல்லாததைப் பொய்யாகச் சேர்க்காதே. இரண்டாவது கேள்வியிலேயே பல்லிளித்துவிடும்.

"நம்மைப் பற்றி நாமே பேசுவதா?" என்று கூசுகிறாய். பெரியவர்கள் எதிரில் வாய் திறக்காதே என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டி கதையைச் சொல்வது தற்பெருமை ஆகாது. நான் கெட்டிக்காரன் என்று நீ சொல்லவே வேண்டாம்; நடந்ததை நடந்தபடி சொல், அந்த முடிவுக்கு அவரே வரட்டும். தலையைக் குனிந்து "யெஸ் சார், நோ சார்" என்று மட்டும் சொன்னால் அதை அடக்கம் என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். பேச உன்னிடம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைப்பார்.

ஆங்கிலம் தடுக்குமா? தடுக்கட்டும்! அது உன் தாய்மொழி இல்லை என்று அவருக்குத் தெரியாதா? வார்த்தை வரவில்லை என்றால் ஒரு நிமிடம் கேள், யோசி, எளிய சொல்லில் சொல். அமெரிக்க உச்சரிப்பைக் கடன் வாங்கிப் பேசுவதை மட்டும் செய்யாதே, கேட்கச் சகிக்காது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்றால் அதையும் மறைக்காதே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. நான்கும் உன்னால் பணம் கட்ட முடியுமா என்று பார்த்து இடம் தருவதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே விதிதான்.

'ஏன் எங்கள் கல்லூரி?' இங்கேதான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "உலகத் தரம், சிறந்த பேராசிரியர்கள்." கல்லூரியின் பெயரை மாற்றிப் போட்டுப் பார். அப்போதும் பொருந்துகிறதா? அப்படியானால் அது பதிலே இல்லை. எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர்களை ஆய்வுக்குள் சேர்த்துக்கொள்ள 'யூராப்' என்ற ஏற்பாடு 1969 முதல் இருக்கிறது. அதில் எந்த ஆய்வகக் கதவைத் தட்டுவாய், ஏன் என்று சொல். பிறகு நீயும் கேள். அங்கே உங்களை எது வாட்டியது, எதை இன்று மீண்டும் செய்ய ஆசை என்று கேள். தான் படித்த இடத்தைப் பற்றிப் பேசக் கசக்குமா யாருக்காவது?

அப்பா அம்மா பக்கத்தில் உட்கார வேண்டாம். மின்சாரம் போனால் கைபேசி ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். மறுநாள் இரண்டு வரியில் நன்றி எழுது. இந்த நேர்காணலுக்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அவன் திருடன்.

இவ்வளவும் செய்து இடம் கிடைக்காமலும் போகலாம். ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அங்கே நேர்காணல் மட்டும் யாரையும் உள்ளே தூக்கிப் போடாது. அழைப்பே வராவிட்டாலும் அது உன் குறை இல்லை. உன் ஊர்ப்பக்கம் ஆள் கிடைக்காமல் இருந்திருக்கும். கொலம்பியா இந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டது. பிரவுன் அதற்குப் பதில் உன்னையே ஒரு காணொளி அனுப்பச் சொல்கிறது.

நவம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த மாதமே அழைப்பு வரும்; மற்றவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி. அது பல சமயம் முன்னாள் மாணவரின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வரும். உனக்கு அறிமுகமில்லாத பெயர், அறிமுகமில்லாத முகவரி. அதனால் விளம்பரங்களுக்கு நடுவில் போய் விழுந்துவிடும். விண்ணப்பித்தாயிற்றா? எழுந்திரு, ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார். இப்போதே!