தொட்டி மீனும் கருணையும்

அட்டன் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் மூன்றடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் மூன்று தங்கமீன்கள் வாழ்கின்றன. குளிர் தாங்கும் இனமாதலால், நீரைச் சூடாக்கும் கருவி எதுவுமின்றி இம்மலைநாட்டிலும் அவற்றை வளர்க்க முடிகிறது. சில மாதங்களுக்கு முன், அயலிலுள்ள தோட்டமொன்றிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவன் ஒருவன், இரவல் பெற்ற நூலைத் திருப்பித்தர வந்தான். தொட்டியை நெடுநேரம் பார்த்து நின்றவன், "சேர், இதுகளுக்கு இதுக்குள்ள சந்தோசமா இருக்குமா?" என்று கேட்டான்.

"வேளைக்கு உணவு, சுத்தமான நீர், பகை இல்லை. வேறென்ன குறை?" என்றேன்.

அவன் சிரித்தான். "எங்க தாத்தாகிட்ட தொரையும் இப்படித்தான் கேப்பாராம், சேர்."

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. பிறிதோர் உயிரைப் பேணுகிறோம் என்ற மனநிறைவு எத்துணை நேர்மையானது? பேணுதல் நீதிக்கு ஈடாகுமா? அவனுடைய சிரிப்பு எழுப்பிய வினா இதுவே.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி வாங்கிய புதிதில், மீன்களின் மேல் கொண்ட ஆசையால், ஒரு நாளில் பலமுறை உணவிட்டேன். நீர் கலங்கியது கண்டு மனம் பொறாமல், ஒரே நாளில் நீர் முழுவதையும் இறைத்து, கற்களையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவி, குழாய் நீரை நிரப்பினேன். மறுநாட் காலை மீன்கள் செத்து மிதந்தன.

பின்னரே காரணம் கற்றேன். மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியா என்னும் நஞ்சாகின்றன. கற்களிலும் வடிகட்டியிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அவ்வுழைப்பாளர்களையே நான் அழுக்கென்று கருதிக் கழுவி எறிந்திருந்தேன். போதாக்குறைக்குக் குழாய் நீரின் குளோரீனும் சேர்ந்துகொண்டது. நீரில் ஒரு பகுதியை மட்டும், குளோரீன் நீக்கி, வாரந்தோறும் மாற்றவேண்டும் என்பது தெரிந்திருந்தால் அம்மீன்கள் பிழைத்திருக்கும். அறிவில்லாத அன்பு, பகையினும் கொடிது.

ஆயின், அறிவும் அன்பும் ஒருங்கே வாய்த்துவிட்டால் எல்லாம் நேராகிவிடுமா? ஓடையில் வாழும் மீன் நீர் சூடேறினால் நிழலுக்கு ஒதுங்குகிறது; கலங்கினால் அப்பால் நீந்துகிறது; இரை குறைந்தால் வேறிடம் தேடுகிறது. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இவ்வழிகள் அனைத்தையும் கண்ணாடிச் சுவர் அடைத்துவிடுகிறது. அடைத்தவன் எவனோ அவனே உணவுக்கும் நீருக்கும் பொறுப்பாகிறான். ஆகவே நான் தூவும் உணவு தருமமன்று. நான் பட்ட கடனின் ஒரு தவணை. 2004ஆம் ஆண்டு இத்தாலியின் மொன்சா நகரசபை, உருண்டைக் கண்ணாடிக் குடுவைகளில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. வளைந்த கண்ணாடி மீனுக்கு உலகையே திரித்துக் காட்டுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்டுச் சிரித்தோர் பலர். காப்பவனுக்கும் சட்டத்தின் முன் கடமை உண்டு என்ற கருத்து சிரிப்புக்குரியதன்று.

"அப்படியானால் ஓடையில் விட்டுவிடலாமே" எனலாம். எந்த ஓடையில்? தங்கமீன் சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய இனம். திரும்பிச் செல்ல அதற்கோர் ஆறு இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டால், அது மடியலாம். மடியாது பெருகினால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடாகலாம். நம் மலைகளில் பிறக்கும் கெசெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. அக்கங்கையின் தாழ்நில ஓடைகளுக்குரிய 'செரி பாப்', 'பிளக் ரூபி பாப்' என்னும் சிறுமீன்கள் இலங்கைக்கே உரியவை. உலகச் சந்தையின் தொட்டிகளுக்காக அவற்றையும் ஓடைகளிலிருந்து அள்ளிச் சென்றோம். எடுத்தது பெருந்தவறு, கண்டவிடத்தில் கொட்டிவிடுவது அத்தவறுக்குக் கழுவாய் ஆகாது.

இனி, மாணவனின் தாத்தாவிடம் வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பரா, பிள்ளைக் காம்பரா, மருந்துக்கு டிஸ்பென்சரி, கணக்கில் எழுதிக் கொடுக்கும் அரிசி. "வேறென்ன குறை?" என்று துரை கேட்டதில் வியப்பில்லை. ஆனால் வழிகளை அடைத்தவர் யார்? கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலை பெறமுடியாத நிலை 1921 வரை சட்டத்தின் துணையோடு நீடித்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றது. இம்மண்ணிலேயே பிறந்து, அக்கரையை ஒருநாளும் கண்டிராதவரும் 'தாயகம்' அனுப்பப்பட்டனர். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இங்கேதான் மீனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமை துலங்குகிறது. மீன் பேசாது. ஆதலால், அதன் தேவையை அறிந்து, அதன் ஆயுள் முழுவதும் பேணுவதே நான் அதற்குச் செய்யக்கூடிய நீதி. மனிதன் பேசுவான். தனக்கு எது வேண்டுமென்பதை அவனே சொல்வான். சங்கம் அமைத்துக் கேட்பான். உரிமை கேட்பவனுக்கு உபகாரத்தைக் காட்டுவது, அவன் வாயைக் கணக்கில் எடாமல் அவனை மீனாக எண்ணுவதாகும். 2003இல் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. ஆயினும் தமக்கென்று ஒரு துண்டு நிலமோ வீடோ இல்லாமல் லயங்களில் வாழும் குடும்பங்கள் இன்றும் பல.

மனிதருக்கே காம்பரா போதாத இடத்தில் மீனைப் பற்றிய கவலை எதற்கு என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். பாரி முல்லைக்குத் தேரீந்த கதையை வகுப்பில் நடத்தும்போது நான் ஒன்று எண்ணுவதுண்டு: அவன் கொடியைப் பெயர்த்துத் தன் முற்றத்துக்குக் கொண்டுபோகவில்லை, அது நின்ற இடத்திற்கே வேண்டியதை விட்டுச் சென்றான். சிறிய உயிரிடத்தில் தன் அதிகாரத்தின் அளவை உணராதவன், பெரிய இடத்தில் அதை உணர்வான் என்பதற்கு என்ன உறுதி?

அம்மாணவன் பின்னொரு நாள் சொன்னான்: சிறுவயதில் பீலிக்கரைக்குக் கீழே ஓடையில் துணி விரித்துப் பிடித்த மீன்களைப் போத்தலில் இட்டு இஸ்தோப்பில் வைத்துப் பார்ப்பானாம், பொழுது சாயுமுன் பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்வாராம் தாத்தா.

என் தொட்டியில் இம்மூன்றுக்குமேல் இனி மீன் சேர்ப்பதில்லை. இருப்பவற்றை அவை வாழும் நாள்வரை பேணுவேன். ஆனால், அவற்றுக்கு ஒரு குறையுமில்லை என்று வீட்டுக்கு வருபவரிடம் இப்போது நான் சொல்வதில்லை.